பச்சரிசி மாவில் போட்ட அம்புகள்

என் பெயர் சாருலதா. வயது முப்பத்தேழு. கணவர் பெயர் நிரஞ்சன். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருக்கிறேன். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். 1997ஆம் வருடம் பிப்ரவரி மாதம் 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, யாரும் அழைக்காமல் நானாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து ஆய்வாளர் முன்பு சொல்வது பின்வருமாறு.

என் கணவரின் தம்பி ஸ்ரீகிருஷ்ணா வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது, காட்டுப் பாதையில் ஓட்டுகிற கியர் சைக்கிள் ஒன்றைக் கொண்டு வந்தார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். கிண்டிக் காட்டை ஒட்டித் தனியார் ஒருவருக்குச் சொந்தமான மரம் அடர்ந்த தோப்பு இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஒற்றையடிப் பாதையில், புதிதாக ஓட்டுபவர்களுக்கு என்று ஸ்ரீகிருஷ்ணா 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சவாரி ஏற்பாடு செய்தார். பாதையில் கஷ்டம் எதுவும் இல்லை. ஆலம் விழுது தொங்கும் இடத்தில் தலை குனிந்தால் போதும். ஒரே ஒரு இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடதுபுறம் போனால் சுற்றிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடலாம். வலதுபுறம் சரிவாக இறங்கி, முன்பு கல் வெட்டி எடுத்த பள்ளத்தில் முடிகிறது. அதனால் தரையில் அம்புக்குறி போட வேண்டும் என்றார். கோலம் போட்டுப் பழகிய கை என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்து, கடையிலிருந்து கல்மாவும் வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கல்மாவை நான் எடுத்துப் போகவில்லை. எங்கள் வீட்டில் கோலத்துக்குப் பச்சரிசி மாவுதான். எறும்புக்கும் அணிலுக்கும் வயிறு நிறையாத கோலம் என்ன கோலம் என்பது எங்கள் வழக்கம். காட்டில் போய்க் கல்லைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலிருந்து அரிசி மாவை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் போய், அம்புகளை இழையாகப் போட்டேன். பிரிவில் போட்ட அம்புக்குச் சுழியெல்லாம் வைத்தேன். அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பெருமையாக இருந்தது. ஸ்ரீகிருஷ்ணாவிடம் என்ன மாவு என்று சொல்லவில்லை.

அப்போது தோப்புக் காவலாளி மண்ணாங்கட்டி வந்து, "இன்னாம்மா, நட்க்கற வழில மாவ கொட்டிக்கினு கீறீங்க? காலைல நான்தான் பெருக்கணும்" என்றார். பெருக்கினால் நடப்பதே வேறு என்று, உடன் வந்திருந்த ஸ்ரீகிருஷ்ணா சத்தம் போட்டார். "பெருக்கறதுக்குத்தான் சம்பளம் சார், பெருக்கத்தான் செய்வேன்" என்று அவரும் சத்தம் போட்டார். பாதையைப் பார்க்க வந்திருந்த பலர் இதைக் கேட்டார்கள்.

மறுநாள் காலை சவாரிக்கு முன்னால் நான் மட்டும் பிரிவு வரை நடந்து போய்ப் பார்த்தேன். வேலி சரிந்த பக்கமாக வந்த புள்ளிமான் ஒன்று குட்டியோடு நின்று என் அம்பை நக்கிக்கொண்டிருந்தது. மீதியில் எறும்பு சாரை போட்டிருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இதையும் எழுத வேண்டுமா என்று இங்கே இதை எழுதுகிற காவலர் கேட்டார். கட்டாயம் எழுதச் சொன்னேன். டப்பாவில் மாவு மிச்சம் இருந்தது. அதைக் கொண்டுவந்து மறுபடி போட்டிருக்கலாம். ஸ்ரீகிருஷ்ணா முன்னால் போகிறார், எல்லாரும் அவர் பின்னால்தானே போகப் போகிறார்கள் என்று நினைத்து, வந்தவர்களுக்குக் காபி கொடுக்கத் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு சவாரி கிளம்பியது. என்னுடன் வேலை பார்க்கும் அசோக் நகர் ஜெயபாரதி கடைசியில் போனாள். அவள் சைக்கிள் கற்றுக்கொண்டே கொஞ்ச நாள்தான் ஆகிறது. வரமாட்டேன் என்றவளை, "அம்பைப் பார்த்துண்டே போடி, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அழைத்து வந்தவள் நான். மற்றவர்கள் முன்னே போய்விட, பிரிவில் அம்பைக் காணாமல் அவள் வலதுபுறம் இறங்கி, சரிவில் பிரேக் பிடிக்கத் தெரியாமல் பள்ளத்தில் விழுந்தாள். அலறல் கேட்டு முதலில் ஓடியவர் மண்ணாங்கட்டி. அவர்தான் பள்ளத்தில் இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். தொடை எலும்பு முறிந்திருப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள். இனி முன்போல நடப்பாளா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள்.

அதன் பிறகு, முதல் நாள் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு மண்ணாங்கட்டி வேண்டுமென்றே அம்புகளைப் பெருக்கித் தள்ளிவிட்டார் என்று ஸ்ரீகிருஷ்ணா புகார் எழுதினார். சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். இதே காவல் நிலைய வாசலில் வைத்து மாவு விஷயத்தையும் மான் விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். "மன்னி, இதை வெளியில சொன்னா கேஸ் நம்ம மேலேயே திரும்பிடும். அவனுக்கு ரெண்டு அதட்டல் போட்டு விட்டுடுவா. நீங்க பேசாம இருங்கோ" என்றார். நான் பேசாமல் இருந்தேன். கையெழுத்தும் போட்டேன். அன்றே மண்ணாங்கட்டியைப் பிடித்து இங்கே காவலில் வைத்தார்கள்.

நேற்று மண்ணாங்கட்டியின் மனைவி வேலம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "எம்மா, அந்தாளு அன்னிக்கு காலைலேந்து தொடப்பத்தையே தொடல. கேட்டாண்ட உங்க கூடத்தானே சைக்கிள எறக்கிக்கினு இருந்தாரு, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கம்மா" என்று கேட்டாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. வீட்டில் பூஜை நடக்கிறது, அப்புறம் வா என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். எந்தப் பூஜையும் நடக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என்னுடையது.

இன்று இங்கே வந்ததும் மண்ணாங்கட்டியைப் பார்த்தேன். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றேன். "அன்னிக்கே சொல்லிக்கலாம்லம்மா?" என்று கேட்டார். நேரே ஆய்வாளரிடம் போனேன்.

மண்ணாங்கட்டி எந்த அம்பையும் அழிக்கவில்லை. ஜெயபாரதி விழுந்ததற்கு நான்தான் காரணம். இதனால் என் மேல் வழக்கு வந்தால் அதை ஏற்றுக்கொள்கிறேன். புகாரில் நான் போட்ட கையெழுத்தை அடித்துவிடும்படி கேட்டேன். போட்ட கையெழுத்தை அடிக்க முடியாது என்று ஆய்வாளர் சொல்லிவிட்டார். ஆகவே புகாரில் உள்ளதும் இதில் உள்ளதும் இரண்டும் என் கையெழுத்துதான் என்றும், புகாரில் உள்ளதை நான் பொய் என்று தெரிந்தே போட்டேன் என்றும், இங்கே சொன்னதுதான் உண்மை என்றும், படித்துக் காட்டக் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சாருலதா