உத்தரவின்றி வண்டி நிறுத்தக்கூடாது

போன மாதத்தைப் பார்க்க இந்த மாதம் பாவசங்கீர்த்தனத் தட்டி பரவாயில்லை, சாமி. அப்போது ஓட்டை விழுந்து, இந்தப் பக்கம் முழந்தாளிட்டிருப்பது யார் என்று பள்ளிக்கூடக் கொட்டகை முழுவதற்கும் தெரிந்தது. இப்போது யாரோ நல்ல மூங்கிலாகப் பார்த்துப் பின்னியிருக்கிறார்கள்.

நான் கிரகோரி. ரப்பர் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் கிராணியாகக் கணக்கெழுதி, ஓய்வுபெற்று, கூலாய் ஸ்டேஷனுக்கு எதிரே வீடு கட்டிக்கொண்டவன். இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு பாவம்தான் இருக்கிறது. ஒரு பொய். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் நடந்தது தெரியாமல் அதன் எடை உங்களுக்குத் தெரியாது.

என் வீட்டு முற்றத்தை மேடாக்கிச் சரளை கொட்டியிருக்கிறேன். மழைக்காலத்தில் தெரு முழுவதும் சேறு. என் முற்றம் மட்டும் கால் வைக்கிற மாதிரி இருக்கும். காய்ந்த இடத்தைக் கண்டால், அதற்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான் என்று மனிதர்களுக்குத் தோன்றுவதில்லை. மாட்டுவண்டி வந்தது, ரிக்‌ஷா வந்தது, அன்னாசி ஏற்றிய லாரி வந்தது. ஒருநாள் காலையில் ஜன்னலைத் திறந்தேன். ஒரு மாடு மூக்கை உள்ளே நீட்டியது. வண்டிக்காரன் எதிர்க்கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

‘உத்தரவின்றி வண்டி நிறுத்தக்கூடாது’ என்று நான்கு மொழிகளில் பலகை வைத்தேன். சீனத்தில் எழுதிக் கொடுத்த கடைக்காரரே மறுநாள் தன் சைக்கிளை அந்தப் பலகையில் சாய்த்துவிட்டு ரயிலேறிப் போனார். இத்தனை வருடத்தில் வாசலில் நின்று, “நிறுத்தலாமா?” என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். போன பாஸ்கா திருநாளுக்கு, சைக்கிளைக் கையில் பிடித்தபடி. நான் அதை மறக்கவில்லை.

மற்றவர்கள் விரட்டினால் போய்விடுவார்கள். வாடகை மோட்டார் ஓட்டுகிற லெட்சுமணன் போகமாட்டான். சிரிப்பான்.

“கிராணி ஐயா, அஞ்சு நிமிஷம்லா. மோட்டாரு என்ன, உங்க மண்ணத் தின்னுடவா போவுது?”

அவனுடைய ஐந்து நிமிடம் என் கடிகாரத்தில் நாற்பத்தொரு நிமிடம்.

அதனால் கேட் போட்டேன். கனத்த செங்கால் மரம், இரும்புக் கீல், சிங்கப்பூர்ப் பூட்டு. பக்கத்தில் ஆட்கள் நுழைய ஒரு சின்னக் கதவு. அதற்குப் பூட்டு கிடையாது. மனிதர்களை நான் என்றும் தடுத்ததில்லை. பெரிய கேட்டையும் பகலில் திறந்தே வைத்தேன். மூடி வைத்தால் ஒருவனும் வண்டியோடு நுழையமாட்டான். நுழையாதவனுக்கு எப்படிப் பாடம் சொல்லிக்கொடுப்பது?

அக்டோபரில் லெட்சுமணனின் மோட்டாரை உள்ளே வைத்துப் பூட்டினேன். அவன் பதறவில்லை. காப்பிக்கடையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஸ்டேஷன் மேடை வரை கேட்கும்படி சொன்னான்:

“நம்ம வண்டிக்கு ஜாகா கெடச்சிட்டாருப்பா! சம்பளம் வேணாமாம், பூட்டும் அவரே வாங்கிட்டாராம்!”

ஊரே சிரித்தது. இருபத்தாறு வருடம் வெள்ளைக்காரத் துரைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவனை ஒரே நாளில் ஜாகாவாக, வாசல் காவல்காரனாக, ஆக்கிவிட்டான். சாயங்காலம் நானே போய்த் திறந்துவிட்டேன். அன்று எனக்கு ஒன்று விளங்கியது. அவசரம் இல்லாதவனைப் பூட்டு ஒன்றும் செய்யாது. ஆகவே காத்திருந்தேன். அது எனக்குக் கைவந்த வேலை.

நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி நல்ல மழை. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு லெட்சுமணன் மோட்டாரை முற்றத்தில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ரயில்வே லயத்து வீடுகளுக்கு ஓடினான். அந்தச் சந்தில் மோட்டார் போகாது. என்னைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. ஒரு பக்கம் லெட்சுமணன், மறுபக்கம் தண்டவாள வேலை செய்கிற சின்னத்தம்பி. கட்டிலில் சின்னத்தம்பியின் மனைவி வெள்ளையம்மா. நிறைமாதம்.

“தொறந்து விடுங்கய்யா,” என்றான் சின்னத்தம்பி. “ரெண்டு நாளா வலி. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. ஜோகூருக்குக் கொண்டுபோவணும்.”

“சாவியைக் காணோம்,” என்றேன்.

நான் சொல்ல வந்த பாவம் இதுதான், சாமி.

“இப்பத்தானய்யா பூட்டுனீங்க, பூட்டு இன்னும் ஆடுது!” என்றான் லெட்சுமணன். பிறகு அவன் முகம் மாறியது. முற்றத்துச் சரளையில் மண்டியிட்டான். “தப்புதாங்கய்யா. இனிமே உங்க வாசப்பக்கம் தல வெச்சுப் படுக்கமாட்டேன். தொறங்கய்யா.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தடவை சொன்னது யாருக்கும் மனதில் நிற்பதில்லை.

அந்தப் பெண்ணைத் தாழ்வாரத்து பெஞ்சில் படுக்க வைக்கச் சொன்னேன். அவர்கள் கேட்காமலே சொன்னேன். என் மனைவி செசிலியா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து சாவியைத் தேடினாள். அரிசிப் பானையில் கைவிட்டுப் பார்த்தாள். மாதா படத்துக்குப் பின்னால் பார்த்தாள். சின்னத்தம்பி கடப்பாரைக்காக ரயில்வே கொட்டகைக்கு ஓடினான். எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க நான் கடிகாரத்தை எடுத்தேன். சாவி அதன் சங்கிலியில்தான் கோத்திருந்தது. செசிலியா பார்த்துவிட்டாள்.

“என்னங்க...” என்றாள். அவ்வளவுதான்.

அப்போது திறந்திருக்கலாமே என்பீர்கள். திறந்தால் நான் சொன்னது பொய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பொய்யின் கெடுதலே அதுதான், சாமி. ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டியிருக்கிறது. கடிகாரத்தை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கீலைப் பெயர்த்து அவர்கள் மோட்டாரை வெளியே எடுத்தபோது மணி மூன்று இருபது. வழியில் செனாயைத் தாண்டும்போது அவள் போய்விட்டாள் என்று சொன்னார்கள். பிள்ளையும்தான். கேட்டை உடைத்ததற்கு நான் போலீஸில் புகார் கொடுக்கவில்லை. அதைப் புண்ணியமாகச் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை.

அன்றிலிருந்து என் முற்றத்தில் ஒரு சைக்கிள்கூட நின்றதில்லை. உடைந்த கேட்டை நான் சரிசெய்யவில்லை, அவசியம் வரவில்லை. மழையில் முழங்கால் வரை சேற்றில் நடந்தாலும் ஆட்கள் எதிர்ப்பக்கமாகவே போகிறார்கள். பாடம் பதிந்திருக்கிறது. செசிலியா வேளாவேளைக்குத் தட்டில் சோறு போட்டு வைக்கிறாள், பேசுவதில்லை. வீட்டில் இப்போது நல்ல அமைதி. எனக்கு எப்போதும் அமைதி பிடிக்கும்.

தட்டிப் பக்கம் சாய்கிறீர்கள். என்ன கேட்க நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பூட்டும்போது, லெட்சுமணன் எதற்காக வந்தான் என்று எனக்குத் தெரியுமா?

தெரியும். வீட்டின் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து அந்தச் சந்து நன்றாகத் தெரியும். முதல்நாளிலிருந்தே அவள் கத்துவது கேட்டுக்கொண்டிருந்தது. லெட்சுமணன் ஓடிய வேகத்தைப் பார்த்தேன். கட்டிலைத் தூக்கியதைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் குடையை எடுத்தேன். அவசரம் இல்லாத நாளில் பூட்டிப் பயனில்லை என்று முன்பே சொன்னேனே.

அதில் பாவம் எங்கே இருக்கிறது என்று நானும் நிதானமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். நிலத்துக்குக் கிராண்டு பத்திரம் என் பெயரில் இருக்கிறது. பூட்டு என்னுடையது. மோட்டாரை நான் உள்ளே கூப்பிடவில்லை. ஆகவே பொய் ஒன்றுதான். ஒரே தடவை சொன்னது.

“வேறே?” என்கிறீர்கள்.

வேறொன்றும் இல்லை, சாமி. அந்தப் பொய்க்கு என்ன அபராதம் என்று சொல்லிவிடுங்கள், எழுந்து போகிறேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். அடுத்தவர் வழியை அடைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லை.