பச்சை விளக்கு எரிகிற பெட்டி

டாக்டர், கேபிள் நீளமானால் கிடாரின் சத்தம் மங்கும். அது இயற்கை, அதில் யாருடைய தப்பும் இல்லை. மாப்பிள்ளை ஏன் இரண்டாவது ஆபரேஷனுக்கு வரவில்லை என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அதற்குப் பதில் கேபிளில்தான் தொடங்குகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மாப்பிள்ளை என் தங்கையின் கணவர். உங்களுக்கு அவர் வலது கைக் கட்டைவிரலில் தசைநார் அறுந்துபோன நோயாளி. எனக்கு அவர் என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பிருந்தே சிநேகிதர். நேரில் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். உங்களிடம் சொல்வதால் மரியாதை கொடுக்கிறேன். அவர் கிடார் வாசிப்பார், அவருடைய ஒயர், பெட்டி, ஆம்ப்ளிஃபயர் அத்தனையையும் நான் பார்த்துக்கொள்வேன். மேடையில் ஜனங்களுக்கு அவர் முகம் தெரியும், ஒயரோடு குனிந்திருக்கும் என் முதுகு தெரியும். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

கிடாரிலிருந்து வருவது மிகச் சன்னமான மின்சாரம். அதை நீளமான கேபிளில் அனுப்பினால், போகிற வழியிலேயே கேபிள் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். விழுங்குவதையும் பார்த்துப் பார்த்துத்தான் விழுங்கும். கனத்த சத்தத்தைத் தொடாது. கம்பியில் பிளக்ட்ரம், அதாவது மீட்டுகிற சின்ன வில்லை, படுகிற அந்தக் கூர்மை, மணி அடித்த மாதிரி ஒரு மினுமினுப்பு, அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். போதாததற்குக் காலால் மிதிக்கும் எஃபெக்ட் பெட்டிகள் வேறு. மாப்பிள்ளை எட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு துண்டு ஒயர். பெட்டியை அணைத்து வைத்தாலும் சத்தம் அத்தனையையும் தாண்டித்தான் போயாக வேண்டும். கடைசியில் கேட்கும்போது போர்வைக்குள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. கிடாரை விட்டு வெளியே வந்ததும் முதல் பெட்டியாக பஃபர் என்ற ஒன்றைப் போட வேண்டும். அது சத்தத்தைக் கூட்டாது, குறைக்காது. பின்னால் எவ்வளவு ஒயர் இருந்தாலும் தாங்கிப் போகிற தெம்பைக் கொடுக்கும், அவ்வளவுதான். கடையில் கிடைக்கும். ஆனால் மாப்பிள்ளைக்கு நான் என் கையாலேயே செய்து கொடுத்தேன். சோப்புப் பெட்டி அளவு, மேலே ஒரு பச்சை விளக்கு. குழுவில் யாராவது அது என்ன என்று கேட்டால், “அது என் மச்சான். பச்சை எரிஞ்சா முழிச்சிட்டிருக்கான்னு அர்த்தம்,” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருடம் பெரிய இசைக்குழு ஒன்றிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. ஊர் ஊராக, நாடு நாடாகப் போகிற குழு. அதை நடத்துபவரை எல்லாரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அவர் முன்னால் ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும், பிடித்துப்போனால் ஒரு வருடம் அவர்களோடு. வீடே தலைகீழாக நின்றது. தங்கை அன்றைக்கே துணிப் பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டாள். அவளும் கூடப் போவதாக ஏற்பாடு.

சாப்பிடும்போது நான் சாதாரணமாகத்தான் கேட்டேன், நான் எப்போது கிளம்ப வேண்டும் என்று.

“அங்க அவங்களே ஆள் வச்சிருக்காங்க மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. “நீ எதுக்கு வீணா அலையணும்?”

“நடுவுல ஒரு மாசம் வந்து எங்களோட இருந்துட்டுப் போண்ணா,” என்றாள் தங்கை. என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். “தனியா சமாளிச்சுப்ப இல்ல?”

சமாளித்துக்கொள்வேன் என்றேன். மாடியில் என் அறை, கீழே அவர்கள். காலையில் அவர் கிடாரைச் சுருதி சேர்க்கிற சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். அந்த வீட்டில் ஒரு வருடம் சத்தமே இருக்காது என்று நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது. இதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எனக்காக மட்டும் நான் எதையும் செய்யவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத ஆட்கள் அவருடைய சத்தத்தைக் கையாளப் போகிறார்கள். அதைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிடுவார்கள். யாராவது தடுக்க வேண்டியிருந்தது.

பச்சை விளக்குப் பெட்டியைத் துடைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய் உள்ளே இருந்த பஃபரைக் கழற்றினேன். வெறும் ஒயரை இழுத்துவிட்டேன். பச்சை விளக்குக்கு மட்டும் பேட்டரியை வைத்தேன். பிறகு ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே மிளகளவு கெப்பாசிட்டர் ஒன்றை ஈயத்தால் பற்ற வைத்தேன். கேபிள் எப்படி அந்தக் கூர்மையான மேல் சத்தத்தை விழுங்குமோ அதே வேலையை அதுவும் செய்யும். நீண்ட கேபிள் சுருள் ஒன்றைச் சுருட்டி அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடைத்து வைத்தது போல. முதலில் போட்டது மிகச் சிறியது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நாள் கழித்து அதைவிடக் கொஞ்சம் பெரியது, பிறகு இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக மாற்றினால் எந்தக் காதும் கண்டுபிடித்துவிடும். மெதுவாகப் போனால் ஆள் தன்மேல்தான் சந்தேகப்படுவான்.

அவர் ஆம்ப்ளிஃபயரில் மேல் சத்தத்தைத் திருகித் திருகிக் கூட்டினார். சீறல் கூடியது, உயிர் கூடவில்லை. டிரம்ஸ் வாசிக்கிறவர் ஒரு நாள் ஒத்திகையில், “என்னப்பா, உன் சத்தம் மூடிக்கிட்ட மாதிரி இருக்கு,” என்றார். மாப்பிள்ளை போய்க் காதைப் பரிசோதித்துக்கொண்டார். நான்தான் கூட்டிப்போனேன். காது சுத்தமாக இருக்கிறது என்றார்கள். காதில் ஏதாவது இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் அவருக்கு.

மறுநாள், “எல்லாத்தையும் தூக்கிப் போடு மச்சான். கிடார்லேர்ந்து நேரா ஆம்ப்ளிஃபயருக்கு ஒரே ஒரு கேபிள் மட்டும் குடு, பாத்துடுவோம்,” என்றார்.

அப்படி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். அவர் கெட்டிக்காரர். அதற்காகவே ஒரு கேபிளைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதன் நுனியில் உள்ள பிளக்கைத் திறந்து, உள்ளே அதே அளவு கெப்பாசிட்டரை வைத்து மூடியிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம்புதுக் கேபிள். மற்ற கேபிள்களைப் பழுது பார்க்க எடுத்துப்போயிருந்தேன். அவர் செருகினார், எல்லாக் கம்பிகளும் சேர்ந்து ஒலிக்க ஒரு கார்டு அடித்தார். அதே மூடிய சத்தம். இன்னொன்று அடித்தார். பிறகு கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“பெட்டியில இல்ல மச்சான். என் கையிலதான் இருக்கு.”

சொல்லிவிடலாமா என்று அந்த ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. “பழகினா வந்துடும் மாப்ளே,” என்று மட்டும் சொன்னேன். அதுவும் நல்லெண்ணத்தில் சொன்னதுதான்.

பெரியவர் முன்னால் வாசித்த அன்றைக்கு நான்தான் ஒயர் போட்டேன். விரல்கள் பறந்தன. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். “வாசிப்பு பிரமாதம். சத்தத்துலதான் உயிர் இல்ல. அதைச் சரிபண்ணிட்டு அடுத்த சீசன் வா, இடம் வச்சிருக்கேன்,” என்றார். அத்தோடு முடிந்துபோகும் என்று நினைத்திருந்தேன். அந்த மனிதர் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனதற்கு நான் என்ன செய்வது? அவர் அங்கேயே முடியாது என்று சொல்லியிருந்தால் பெட்டியை அன்றைக்கே பழையபடி ஆக்கியிருப்பேன்.

அதன் பிறகுதான் மாப்பிள்ளை கையை வருத்த ஆரம்பித்தார். சத்தம் கூர்மையாக வர வேண்டுமானால் பலமாக அடிக்க வேண்டும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். தடித்த கம்பி மாட்டினார். கல்லு மாதிரி இருக்கும் பிளக்ட்ரம் வாங்கினார், அதைக் கட்டைவிரலால் நசுக்கிப் பிடித்தார். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். விரலின் அடி வீங்கியது. “போதும், விடுங்க,” என்று தங்கை அழுதாள். வலிக்கு மாத்திரை வேண்டும் என்று அவர் கேட்டார், நான் வாங்கி வந்து கொடுத்தேன். வலியில் ஒரு ஆளைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. மாத்திரை போட்டால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் இன்னும் வாசித்தார். ஒரு மத்தியானம் பிளக்ட்ரம் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், கட்டைவிரல் மடங்கவில்லை. அன்றைக்குத்தான் அவரை உங்களிடம் கூட்டி வந்தோம்.

அவரை ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போன கையோடு பெட்டியைத் திறந்து பஃபரைத் திரும்ப மாட்டினேன். கெப்பாசிட்டரை எடுத்துக் குப்பையில் போட்டேன். அந்தக் கேபிளையும் வெட்டிப் போட்டேன். பழுதான சாமானை வீட்டில் வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது.

நீங்கள் நன்றாகத்தான் தைத்துக் கொடுத்தீர்கள். கட்டுப் பிரித்த பிறகும் கொஞ்ச காலம் கையை அசைக்கக் கூடாது என்றும் சொன்னீர்கள். அவரும் கொஞ்ச நாள் அப்படியே இருந்தார். சும்மா ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு நாள் கிடாரை எடுத்தார். நான் ஒயர் போட்டுக் கொடுத்தேன். ஒரே ஒரு கம்பியை மெல்ல மீட்டினார். அறை முழுக்க அது கணீரென்று எழுந்து நின்றது.

டாக்டர், அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “வந்துடுச்சு மச்சான்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கக்கூட இல்லை. ஓய்வு கொடுத்ததில் கை சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வருடக்கணக்கில் பட்டினி கிடந்தவன் சோற்றைப் பார்த்த மாதிரி வாசித்தார். தங்கை கடைக்குப் போயிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை சந்தோஷத்தில் இருக்கிறவரை எப்படி நிறுத்துவது? உள்ளே தசைநாரில் நீங்கள் போட்ட தையல் விட்டுப்போனது அப்போதுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவரைத் திரும்பக் காட்டியபோது எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மறுபடி திறந்து கட்டினால் அவர் வாசிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று போனில் சொன்னீர்கள். என்னிடம்தான் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் தொடர்புக்குக் கொடுத்திருப்பது என் நம்பர். அவருக்குக் கையில் வலி, தங்கைக்கு மனசில் வலி, போன் தொல்லையாவது அவர்களுக்கு வேண்டாமே என்று நான்தான் அப்படிக் கொடுத்தேன். நீங்கள் நினைப்பது போல அவர் பயந்து வராமல் இருக்கவில்லை. நீங்கள் கூப்பிட்டதே அவருக்குத் தெரியாது. இனிமேல் கத்தி வைத்தால் விரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று அவரிடம் சொன்னேன். கட்டைவிரலை மற்றக் கையால் மூடிக்கொண்டார். பிறகு, “நீ சொன்னா சரிதான்,” என்றார்.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. தங்கை அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டு விடுகிறாள். நான் சோற்றைப் பிசைந்து கொடுக்கிறேன். மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். மாப்பிள்ளை இனி வாசிக்க மாட்டார் என்று பெரியவருக்கும் நானே தகவல் சொல்லிவிட்டேன்.

தாமதமானால் தசைநார் சுருங்கிவிடும், பிறகு யார் நினைத்தாலும் இழுத்துக் கட்ட முடியாது என்று ஒரு கெடு சொன்னீர்கள் அல்லவா. அந்தக் கெடு நேற்றோடு முடிந்தது. உங்களிடம் உண்மையைச் சொல்லாமல் இருக்க என் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இன்று வந்தேன்.