ஜெபசிங்கின் கை

சரி... நாவடக்கம், நாவடக்கம்னு இருபது நிமிஷமா கத்திட்டேன். முன்வரிசையில ரெண்டு பேர் கொட்டாவியே விட்டாச்சு. இப்ப ஒரு குட்டி சம்பவம் சொல்றேன், முழிச்சுக்குங்க. இதுல அயோக்கியன் யாருன்னு நீங்க தேட வேணாம்... நான்தான்.

எனக்கு ஒரு சிநேகிதன், ஜெபசிங். நாகர்கோவில்காரன். இந்த மெல்பர்ன்ல நம்ம சங்கத்து ஸ்டோர் ரூம் சாவி ஏழு வருஷம் அவன்கிட்டதான் இருந்தது, பழைய ஆட்களுக்குத் தெரியும். சனிக்கிழமையானா நானும் அவனும் அவன் வீட்டு கராஜ்ல பீர் காய்ச்சுவோம். ஏம்மா, முறைக்காதீங்க! வீட்டுக்குன்னு காய்ச்சிக்கிட்டா இந்த ஊர்ல தப்பில்ல.

பார்லியை ஊறவெச்சு, சாறு எடுத்து, கொதிக்கவெச்சு, ஆறவெக்கணும். அப்புறம் ஈஸ்ட் போடணும். ஈஸ்ட் உயிருள்ள சாமான், அதுக்கு மூச்சு வேணும் இல்லையா? அதுக்குன்னு ஒரு கல்லு இருக்கு. பேருதான் கல்லு, ஆனா எவர்சில்வர். கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. மீன் தொட்டிக்கு வெப்பாங்களே, அந்த மாதிரி ஒரு பம்பு, ஒரு குழாய், நுனியில இந்தக் கல்லு. சாறுக்குள்ள விட்டா புஸுபுஸுன்னு காத்து வரும்.

காய்ச்சுறது ஜெபசிங், கழுவுறது நான். முதல் நாளே சொன்னான்: "லேய் மாசிலாமணி, இத வெறுங்கையால தொடாத கேட்டியா. கையில உள்ள எண்ணெ பட்டா ஓட்டை அடைச்சுப் போவும். தேய்க்கவும் செய்யாத. தண்ணியில போட்டு, பம்ப ஓடவிட்டு, கால் மணி நேரம் கொதிக்க வை. அவ்வளவுதான்."

நான் கேட்டேனா? எவர்சில்வர் நமக்குத் தெரியாத சாமானா? நம்ம வீட்டுச் சீர்வரிசையில பாதி அதுதானே! புளியைப் போட்டேன், கம்பி நாரை எடுத்தேன், வரட்டு வரட்டுன்னு தேய்ச்சேன். பளபளன்னு மூஞ்சி தெரிஞ்சது. கொதிக்க வெக்கிறதா? அதான் மின்னுதே, அப்புறம் எதுக்குக் கொதிக்க வெக்கணும்?

அவன் பொண்ணு மெர்சிக்குக் கல்யாணம் வந்தது. "என் கையால காய்ச்சினதத்தான் ஊத்துவேன்"னு அவனுக்கு அப்படி ஒரு ஆசை. ஒரு வாரம் முன்னாடி, ருசி பாக்கன்னு நம்ம சங்கத்து ஆளுங்க பதினாலு பேரைக் கூப்பிட்டான். ஊத்தினோம். முதல் ஆள் ஒரு மடக்கு குடிச்சாரு... மூஞ்சி கோணிப் போச்சு. "என்னப்பா இது, புளிச்ச கஞ்சி மாதிரி நாறுது!"

ஜெபசிங் என்னைப் பாத்தான். சும்மா பாத்தான்... அவ்வளவுதான். நான் முந்திக்கிட்டேன்.

"நான் கழுவினதெல்லாம் கண்ணாடியா இருக்கு. ஜெபசிங்... உன் கை சுத்தமில்லடா!"

நான் சொன்னது என்ன? சோப்புப் போட்டுக் கை கழுவலைன்னு. பதினாலு பேர் காதுல விழுந்தது என்ன? ஒருத்தனைக் கை சுத்தமில்லைன்னு சொன்னா நம்ம தமிழ்ல என்ன அர்த்தம்? சொல்லுங்க... ஆங், அதான். திருடன்! சங்கத்துச் சாவியை வெச்சிருக்கிறவனைப் பாத்துச் சொல்லிட்டேன்.

தப்பாப் போச்சுன்னு அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். "ஐயையோ, அந்த அர்த்தத்துல சொல்லலப்பா"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரல. ஏன் வரல? அதைச் சொன்னா, அப்ப பீர் எதனால நாறுச்சுன்னு அடுத்த கேள்வி என்கிட்ட வருமே! அந்தப் பயம்தான்.

ஒரே வாரம். "மாசிலாமணியே சொன்னாராம். கூடவே இருக்கிற மனுஷன், சும்மா சொல்வாரா?" ரெண்டு பொங்கல் பானை காணோம்னு ஒருத்தர், மைக்கு காணோம்னு இன்னொருத்தர். மெர்சி கல்யாணப் பந்தியிலயே இந்தப் பேச்சு ஓடுச்சு. அந்தப் பொண்ணு காதுல விழுந்து, கழுத்துல மாலையோட நின்னு அழுதா. மறுநாள் ஜெபசிங் சாவியைக் கமிட்டி மேசையில வெச்சுட்டுப் போயிட்டான்.

ஆறு மாசம் கழிச்சு, தனியா காய்ச்சிப் பாக்கலாம்னு நினைச்சேன். கழுவ எடுத்துட்டு வந்த கல்லு என் வீட்டுலயே கிடந்தது. ஏதோ தோணுச்சு, அவன் சொன்ன மாதிரியே கல்லைத் தண்ணியில போட்டு, பம்பை ஓடவிட்டு, கொதிக்க வெச்சேன். முதல்ல ஒரு குமிழிகூட வரல. அப்புறம்... ஓட்டைக்குள்ள அழுகிக் கிடந்தது பழுப்பா, கொழகொழன்னு கசிஞ்சு வந்தது. அந்த நாத்தம்! அன்னைக்குக் கிளாஸ்ல அடிச்ச அதே நாத்தம். அடப்பாவின்னு என் தலையிலயே அடிச்சுக்கிட்டேன்.

உடனே போன் போட்டேன். எல்லாத்தையும் சொல்லி அழுதேன். அவன் முழுசாக் கேட்டான். கேட்டுட்டு, "செரிடே. நான் செய்யலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். எங்கிட்ட எதுக்குச் சொல்லுக? அந்தப் பதினாலு பேருட்ட சொன்னியா?" அப்படின்னான். போனை வெச்சுட்டான்.

சொன்னேனா? மூணு வருஷமாச்சு... சொல்லல. போன மாசம் அவன் வீட்டை வித்துட்டுப் பெர்த்துக்கே போயிட்டான்.

அன்பானவங்களே, நாவடக்கம்னா வாயைக் கட்டுறதுன்னு இவ்வளவு நேரம் பேசினேனே, அது பாதிதான். பேசக் கூடாத இடத்துல பேசினேன், அது ஒரு பாவம். பேச வேண்டிய இடத்துல மூணு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அது அதைவிடப் பெரிய பாவம். போன்ல தனியாக் கேட்ட மன்னிப்புல எனக்குத் தூக்கம் வந்தது. அவனுக்கு என்ன வந்தது? நாலு பேர் முன்னாடி ஒருத்தன் பேரைக் கெடுத்தா, அந்த நாலு பேர் முன்னாடிதான் நின்னு சொல்லணும்.

அந்தப் பதினாலு பேர்ல ஒன்பது பேர் இந்த ஹால்ல இருக்கீங்க. எனக்கு இங்கிருந்து தெரியுது... கேட்டுக்குங்க. ஜெபசிங் எதையும் எடுக்கல. ஒரு கரண்டிகூட எடுக்கல. கல்லைக் கொதிக்க வெக்காதவன் நான். அதை மறைச்சவனும் நான். அன்னைக்கு எவ்வளவு வேகமா ஆளாளுக்குப் போன் போட்டீங்களோ, இன்னைக்கும் அதே வேகத்துல போட்டுச் சொல்லுங்க. மெர்சிக்கு நான் போடுறேன்.