அண்ணி கொண்டுவந்த வீடியோ

வீடியோ ஓடவில்லை என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீடியோவில் கோளாறே இருக்காது, சார். பிளேயரை மாற்றினால் ஓடிவிடும். மற்றவர்கள் பதிவு முடிவதற்குள் வயரைப் பிடுங்கியிருப்பார்கள். இதெல்லாம் அண்ணன் சொல்லிக்கொடுத்தது. கடையும் அவனுடையதுதான். "தம்பிக்கு ஸ்க்ரூவைக் கழட்டத் தெரியும், மாட்டத்தான் வராது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நானும் கூடவே சிரிப்பேன். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அண்ணன் மூச்சுத்திணறி இறந்த மறுவாரம் அண்ணி கடைக்கு வந்தார். அண்ணன் இறந்த அன்று அவர் குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தார். குழந்தைக்காகக் கூடத்தில் மாட்டிய கேமராவின் மெமரி கார்டை நீட்டினார். அன்றைய வீடியோ மட்டும் ஓடவில்லையாம்.

"கடைசியா என்னைக் கூப்பிட்டாரான்னு தெரிஞ்சா போதும், தம்பி."

நான் வேலை பார்க்கும்போது அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க வீட்டுக்கு வரலைன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா அண்ணி."

"அப்ப கேமரா வயரை யார் புடுங்கினது?"

"அண்ணன் தடுமாறிப் பிடிச்சு இழுத்திருக்கலாம்."

தலையாட்டினார். நம்பின மாதிரி இல்லை.

அவர் போன பிறகு வீடியோவைச் சரிசெய்தேன். எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அதே கேமராவின் வேறொரு நாள் வீடியோவை மாதிரியாகக் கொடுத்தால், மென்பொருள் ஒட்டிக் கொடுத்துவிடும். அருமையாக வந்தது. பிறகு கார்டைச் சுத்தமாக அழித்து, "மீட்க முடியலை அண்ணி" என்று திருப்பிக் கொடுத்தேன்.

தப்பு எங்கே நடந்தது தெரியுமா? வாடிக்கையாளர் கொடுத்ததில் கை வைக்காதே, நகலில்தான் வேலை செய், முடிந்ததைத் 'தயார்' ஃபோல்டரில் போடு என்பது அண்ணன் போட்ட சட்டம். சரிசெய்த வீடியோவையும் கை பழக்கத்தில் கடை கம்ப்யூட்டரில் அங்கேயே போட்டுவிட்டது. நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அண்ணி வந்து அதைத் திறந்திருக்கிறார். பாவம், அண்ணன் கடைசியாகக் கூப்பிட்டது அவரை இல்லை. "தம்பி, தம்பி" என்று என்னைத்தான் கூப்பிடுகிறான்.

அவனுடைய இன்ஹேலர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. உள்ளே நுழைந்ததும் மேஜையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். எல்லாம் அடங்கியதும் வயரைப் பிடுங்கினேன். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். அவன் மூச்சு நிற்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.