சென்னியப்பன் கடைக்கு எதிர் வீடு

வாருங்கள் கண்ணுகளா, இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். தள்ளியிருந்தால் மில் இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழாது. தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற சித்தூருக்குக் கிழக்கே ஒரு நூல் மில். நாச்சம்மாள் அங்கே பத்தொன்பது வருசமாக நூல் சுற்றுகிறவள். மில்லில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரி கார்டு என்று ஒன்று உண்டு. அதைக் காட்டினால் ஆபரேசன் வரைக்கும் கம்பெனி பார்த்துக்கொள்ளும். அந்தக் கார்டுக்காக ஆபீஸ் ஜன்னலுக்கு அவள் வந்தது அன்றைக்கு ஆறாவது தடவை. ஜன்னலுக்கு உள்ளே கிளார்க் கோகுல்நாத். பேச்சு ஏற்கெனவே சூடாகிவிட்டது. முதலில் கேட்பது அவன் குரல்.

— திரும்பி வந்திருச்சுங்க்கா. ரெண்டாவது தடவையும் திரும்பி வந்திருச்சு.

— எப்படித் திரும்பி வரும்? எங்கூடு என்ன எந்திருச்சு ஓடியா போச்சு?

— கூரியர்காரன் போன் பண்ணியிருக்கான். எடுக்கலியாமா. ஆள் இல்லைன்னு எழுதி அனுப்பிட்டான்.

— போனு எங்கூட்டுக்காரருகிட்ட இருக்குது. அவரு தென்னை உச்சியில இருக்கறப்ப அடிச்சா, ஒரு கையில மரத்தப் புடிச்சுட்டு இன்னொரு கையில போன எடுத்து அலோன்னு பேசுவாரா?

— செரிங்க்கா, உங்க நம்பரக் குடுத்திருக்கலாமில்ல?

— எனக்கேது நம்பரு? மில்லுக்குள்ள போனு ஆகாதுன்னு கேட்டுலயே புடுங்கி வெச்சுக்கறீங்க. அப்பறம் எனக்கெதுக்கு ஒரு போனுன்னு வாங்கவே இல்ல.

— செரிங்க்கா, கோவிக்காதீங்க. கார்டு வேணும்னு புதுசா ஒரு அபேக்ஷை ஃபாரம் எழுதிருவோம். மூணு வாரத்துல...

— மொதத் தடவ வந்தப்ப ரேசன் கார்டு நகல் இல்லைன்ன. அடுத்த தடவ நகல் மங்கலா இருக்குதுன்ன. அதுக்கடுத்து கம்ப்யூட்டரு தூங்குதுன்ன. இப்ப மறுபடியும் மொதல்ல இருந்தா? செவ்வாக்கெழமை அவருக்குக் கண்ணு ஆபரேசன், சாமி. ரெண்டு கண்ணுலயும் புரை. கார்டக் கையில காட்டுனாத்தான் எடம், இல்லீனா தை கழிச்சுத்தான் அடுத்த தேதின்னு நர்சம்மா கண்டிசனாச் சொல்லிப்போட்டா.

— அதுவரைக்கும் அவர மரமேற வேண்டாம்னு சொல்லுங்க்கா.

— சொன்னாக் கேக்கறாரா? கையே எனக்குக் கண்ணுங்கறாரு. முந்தாநேத்து குலைன்னு நெனச்சு மட்டையப் புடிச்சுத் தொங்கியிருக்காரு. காஞ்ச மட்டை. கீழ நின்னவங்க வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

— கார்டு இங்கதானுங்க்கா இருக்குது.

— எங்க?

— எனக்குப் பின்னால, இந்தப் பீரோவுல. திரும்பி வந்ததயெல்லாம் ஒரு சாக்குல போட்டு வெச்சிருக்குது. உங்குளுதும் அதுலதான்.

— அப்ப எடுத்துக் குடு.

— நேர்ல குடுக்க ரூல் இல்லீங்க்கா. ஊட்டு விலாசத்துக்குப் போயித்தான் சேரோணும். எப்பவோ ஒருத்தரு கார்ட இன்னொருத்தரு வாங்கிட்டுப் போயிட்டாராமா, அன்னைக்கு ஹெட் ஆபீசுல ஒருத்தரு போட்ட உத்தரவு. நோட்டுல கையொப்பு வாங்கிட்டுக் குடுத்தறேன்னு நானே கேட்டுப் பாத்தேன். முடியாதுன்னுட்டாங்க.

— நான் ஆருன்னு உனக்குத் தெரியாதா?

— தெரியுமுங்க்கா.

— அந்தக் கார்டுல இருக்கற போட்டோ ஆருது?

— உங்குளுதுதான்.

— பீரோவுக்கும் எனக்கும் நடுவுல எத்தன அடி இருக்கும்?

— நாலு அடி இருக்குமுங்க. என்னையப் போட்டுக் கேக்காதீங்க்கா. ரூலு போட்டது நானில்ல.

— செரி, உன்னையக் கேக்கல. வேற ஒண்ணு கேக்கறேன். கார்டுக்குத்தான் எங்கூடு தெரியல. இந்தக் கடுதாசிக்கு மட்டும் எப்படித் தெரியுது?

— என்ன கடுதாசிங்க?

— பையில கொண்டாந்திருக்கறேன், பாரு. ரெண்டு மாசத்துல நாலு. அம்மன் ஆரு கனவுலயோ வந்து சொன்னாளாமா, இத அப்படியே இருவத்தியோரு பேருக்கு எழுதிப் போட்டா நெனச்ச காரியம் நடக்குமாமா. கிழிச்சுப் போட்டா ஊட்டுல கெடுதல் வருமாமா. ஆரு கேட்டா இத? அடுப்புல வெக்க மனசு வரல, ஊட்டுல வெச்சிருக்கவும் பயம். உப்புச் சாடிக்கு அடியில சொருவி வெச்சிருந்தேன். அவரு மட்டையில தொங்குனாருன்னு கேட்டதும் மொதல்ல இந்தச் சனியந்தான் ஞாபகம் வந்துச்சு. எழுதிப் போட்டிருந்தா ஆயிருக்காதோன்னு. என்னைய அப்படி நெனைக்க வெச்சுப்போட்டாங்க பாரு, அதுதான் ஆத்தரம்.

— நீங்க... எழுதவே இல்லீங்களா?

— எனக்கு வந்த பயத்த இன்னொருத்தி வாசல்ல கொண்டுபோயிக் கொட்டறதா? எழுதல.

— அதெல்லாம் சும்மாங்க்கா. விடுங்க.

— சும்மாவா? இந்தக் கவரு மேல இருக்கற விலாசத்தப் படி.

— எதுக்குங்க்கா...

— படி சாமி. சத்தமாப் படி.

— நாச்சம்மாள். காளிச்சாமி சம்சாரம். சென்னியப்பன் தீவனக் கடைக்கு எதிர் வீடு.

— சென்னியப்பனுக்கும் எங்களுக்கும் பதினோரு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. வேலித் தகராறு. எங்கூருல ஒருத்தரும் அவன் பேரச் சொல்லி எங்கூட்டக் காட்ட மாட்டாங்க. போஸ்ட்மேன் ரிஞ்சு இதப் பாத்துட்டு, சேச்சி, ரெண்டு ஊடும் ராசியாயிட்டீங்களான்னு கேட்டுச் சிரிக்கறான். அந்தப் பேர நான் ஒரே ஒரு எடத்துலதான் சொன்னேன். மொதக் கார்டு திரும்புன அன்னைக்கு, இதே சன்னல்ல. அடையாளம் சொன்னாத்தான் ஃபாரம் எடுத்துக்கும்னு நீ புடிச்ச புடியில.

— நாந்தானுங்க்கா எழுதுனேன்.

— தலையக் குனிஞ்சா ஆச்சா? எதுக்கு இப்படிப் பண்ணுன?

— எனக்கும் ஒண்ணு வந்துதுங்க்கா. இருவத்தியோரு விலாசத்துக்கு நான் எங்க போவேன்? மேசை மேல ஃபாரம் கெடந்துது. அதப் பாத்து எழுதிட்டேன். நடக்கல. எங்கியோ தப்பா எழுதிட்டமோன்னு மறுபடியும் எழுதுனேன். அப்பறமும் எழுதுனேன். உங்குளுக்கே நாலு வந்திருக்கும்னு நெனைக்கலீங்க. மன்னிச்சிருங்க.

— இந்த நாலையும் மேனேசருகிட்டக் காட்டுனா?

— வேலை போயிருமுங்க.

— தெரியுதில்ல. செரி, இத மட்டும் சொல்லு. அம்மன் கடுதாசிய நேர்ல குடுக்கக் கூடாதுன்னு ஹெட் ஆபீசுல ரூலு இருக்குதா?

— அதுக்கெல்லாம் ஏதுங்க்கா ரூலு?

— அப்ப அந்தச் சாக்க அவுத்து, என்ர கார்ட எடுத்து, இந்தக் கவருக்குள்ள போட்டு, எனக்கு ஒரு அம்மன் கடுதாசி குடு.

— ஆராச்சும் கேட்டா என்னங்க்கா சொல்லறது?

— விலாசத்துக்குப் போயிச் சேந்திருச்சுன்னு சொல்லு. சென்னியப்பன் கடைக்கு எதிருல நின்னுட்டுத்தான் பிரிப்பேன். பொய்யில்லையே?

— செத்த இருங்க... இந்தாங்க. பையில பத்திரமா வெச்சுக்குங்க.

— ம். இந்தத் தகட்டுக்கா இத்தன நாளு. போகட்டும், செவ்வாக்கெழமைக்கு ஆச்சு. ஆமா, திரும்பத் திரும்ப எழுதற அளவுக்கு அப்படி என்னத்தத்தான் வேண்டுன?

— வேண்டாமுங்க்கா. உங்க பஸ்ஸு வந்துரும்.

— சொல்லு.

— இதத்தானுங்க.

— எத?

— இந்த ஆஸ்பத்திரி கார்டத்தான். நான் கான்ட்ராக்டு ஆளுங்க்கா. ஆறு வருசமா மில்லு மொத்தத்துக்கும் ஃபாரம் எழுதறேன், என்ர பேர எழுதறதுக்கு ஒரு ஃபாரம் இந்த ஆபீசுல இல்ல. என்ர சம்சாரம் பிரதீபாவுக்கு இது எட்டாவது மாசம். வயித்துல தண்ணி கொறவா இருக்குது, கத்தி வெச்சுத்தான் எடுக்கோணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நான் ஆருகிட்ட அபேக்ஷை குடுக்கறது? அதான் அம்மனுக்குக் குடுத்தேன். பஸ்ஸு ஆரன் அடிக்கறான். போங்க்கா.

— பஸ்ஸு போனாப் போகட்டும். இந்தத் தடவ அந்தக் கடுதாசிய இன்னும் எத்தன பேருக்கு எழுதோணும்?

— ஒம்பதுங்க.

— பேனாவக் குடு. ஹெட் ஆபீசுல அந்த ரூலு போட்டவரு ஊட்டு விலாசத்த மொதல்ல சொல்லு. அடையாளத்தோட சொல்லு.

பொறுமையாகக் கேட்டிருந்தீர்கள் கண்ணுகளா, உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிற கடிதம் எதுவும் பயம் காட்டாமல் வரட்டும். உங்களுக்கு வர வேண்டியது நாலு அடி தூரத்தில் நின்றுவிடாமல் கைக்கு வந்து சேரட்டும். மரம் ஏறப் போனவர் பொழுது சாய்வதற்குள் இறங்கி வரட்டும். பிரசவத்துக்குப் போனவள் பிள்ளையோடு வீடு திரும்பட்டும்.