கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாசனை

வாசனைத் திரவியம் வாங்குகிறவர்கள் செய்கிற முதல் தவறு, புட்டியைத் திறந்து நேரே மூக்கில் வைப்பது. பதினான்கு வருடமாக ஈப்போவில் ஒரு பேரங்காடியின் வாசனைப் பிரிவில் நிற்கிறேன். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். முதலில் காகிதப் பட்டையில் அடிக்க வேண்டும். கொஞ்சம் ஆறவிட்டு முகர வேண்டும். பிறகுதான் மேனிக்கு. நீங்களும் ஏதோ போட்டிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் தம்பி. நல்ல சரக்குதான், கொஞ்சம் தூக்கல்.

கேட்டதற்கு வருகிறேன். என் பெயர் ஆலிஸ், வீடு சிலிபினில். கணவர் யேசுதாசன் போய் ஆறு வருடமாகிறது. ஒரே மகன் ஷான், அவன் மனைவி வலேரி. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவாள், அத்தை அத்தை என்று காலைச் சுற்றி வருவாள். அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை தேடிக்கொண்டாள். ஷானையும் வரச் சொன்னாள். நவம்பர் பத்தாம் தேதி விமானம்.

"ஒரு வருஷம் பொறுத்துக்குங்க அத்தை, உங்களையும் கூப்பிட்டுக்கிறோம்லா" என்றாள்.

ஒரு வருடம். ஷான் குளிக்கிற சத்தம் இல்லாமல், அவன் செருப்பு வாசலில் கிடக்காமல், அந்த வீட்டில் ஒரு வருடம். எனக்குப் பயமாக இருந்தது. பயந்தவர்களைச் சட்டம் வேறு மாதிரிப் பார்க்கும் என்று நினைக்கிறேன்.

நான் பிறந்தது செமோருக்கு அப்பால் ஒரு பால்மரத் தோட்டத்தில், ரப்பர்த் தோட்டம்தான். இப்போது எல்லாம் எண்ணெய்க்குப் போட்ட செம்பனை. பழைய கல்லறைத் தோட்டமும் அதை ஒட்டி நாலைந்து பால்மரங்களும் மட்டும் வெட்டுப்படாமல் தப்பின. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. காட்டுக்குள் போகிற அன்று பூ வைக்க மாட்டார்கள், பவுடர் பூச மாட்டார்கள், தலைக்கு வாசனை எண்ணெய் தேய்க்க மாட்டார்கள். கதண்டுக்குப் பயந்துதான். மலாய்க்காரர்கள் தெபுவான் என்பார்களே, அதே பெரிய குளவி. எனக்கு ஒன்பது வயதில், கல்யாணமாகிப் பத்தே நாளான ஒரு பெண் மல்லிகையோடு பால் வெட்டப் போனாள். தூக்கி வந்தபோது நான் எட்டிப் பார்த்துவிட்டேன். முகம் எது, கழுத்து எது என்று தெரியவில்லை. இன்றைக்கும் காதோரம் ஒரு ஈ பறந்தால் எனக்கு உயிர் போய் வரும்.

யேசுதாசனை அடக்கம் செய்திருப்பதும் அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான். செப்டம்பரில் அவர் நினைவு நாளுக்குப் போயிருந்தேன். அங்கே புல் வெட்டும் சின்னையா வழியை மறித்துக்கொண்டார்.

"அக்கா, அந்தப் பால்மரத்துப் பக்கம் போவாதீங்க. தெபுவான் பானையாட்டம் கூடு கட்டியிருக்கு. பொம்பாவுக்குப் போன் போட்டு எடுக்கச் சொல்லணும்."

"நான் சொல்லிக்கிறேன் சின்னையா, நீங்க அலையாதீங்க" என்றேன்.

தீயணைப்பு நிலையத்தின் எண் என்னிடம் இருந்தது. மறந்துபோய்விட்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. நான் போன் செய்யவில்லை.

அடுத்த வாரம் தனியாகப் போனேன். கடையில் மூன்று வாசனைகளைப் பட்டைகளில் அடித்து எடுத்துப் போயிருந்தேன். ரோஜா, அகில், அப்புறம் புதிதாக வந்திருந்த பச்சிலை வாசனை. அதுதான் இருப்பதிலேயே உயர்ந்தது. கசக்கிய இலை, வெட்டிய புல், கனிந்த பழம். முகர்ந்தால் நெஞ்சு குளிர்ந்துவிடும். மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு செடியில் மூன்றையும் செருகிவிட்டு, காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். ரோஜாவை எதுவும் சீண்டவில்லை. அகிலுக்கு ஒன்று வந்து திரும்பிவிட்டது. பச்சிலைக்குக் கால் மணி நேரத்தில் பதினொன்று வந்தன. எண்ணும்போது எனக்கு வேர்த்துக் கொட்டியது. நான் கொடுமைக்காரி இல்லை தம்பி. கொடுமைக்காரிகளுக்கு வேர்க்காது.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள், புட்டியைப் பளபளக்கும் தாளில் சுற்றி வலேரியிடம் கொடுத்தேன்.

"இவ்வளோ வெல ஒசந்தது எனக்கு எதுக்கு அத்தை?"

"ஊருக்குப் போற புள்ள. நாளைக்கு மாமாவப் பாக்கப் போறோம்ல, போட்டுப் பாரு."

காலையில் நானே அடித்துவிட்டேன். இரண்டு மணிக்கட்டு, காதுக்குப் பின்னால், பிடரி. அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். "காட்டுக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்குலா அத்தை" என்றாள். ஷானை மட்டும் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்குப் பிடிக்காது என்றேன். இரண்டு பேரும் நகரத்தில் வளர்ந்தவர்கள், தோட்டத்துக் கட்டுப்பாடு ஒன்றும் தெரியாது. நானும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மற்றவர்கள் வருமுன்னே போய்ச் சேர்ந்தோம். ஷானைக் கல்லறை கழுவத் தண்ணீர் எடுக்கக் கீழே ஆற்றுக்கு அனுப்பினேன். யேசுதாசன் கல்லறையில் படர்ந்திருந்த கொடி அந்தப் பால்மரத்தில்தான் ஏறியிருந்தது. கூடு மேலே இலைகளுக்குள் மறைந்திருந்தது. அதை இழுத்துப் போடும்மா என்று வலேரியிடம் சொல்லிவிட்டு, முழங்கால் வலிக்கிறது என்று காருக்குத் திரும்பினேன். அன்றைக்கு முழங்கால் வலிக்கவில்லை.

மூன்றாவது முறை இழுத்தபோது அவை இறங்கின. அவள் காரை நோக்கி ஓடி வந்தாள். நான் பூட்டுகிற பொத்தானை அழுத்தினேன். இதை மறுக்கப் போவதில்லை. திறந்திருந்தால் அவளோடு அவையும் உள்ளே வந்திருக்கும். என் இடத்தில் யார் இருந்தாலும் அதையே செய்திருப்பார்கள். அவள் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு பயம்.

ஷான் மேலே ஓடி வந்துவிடுவானோ என்றுதான் பதறினேன். கைபேசியில் கூப்பிட்டேன்.

"மேல வராத கண்ணு. தெபுவான் கெளம்பிருச்சு. அங்கேயே தண்ணியில எறங்கி நில்லு."

"வலேரி எங்கம்மா?"

"என்கூடத்தான் இருக்கா, காருக்குள்ள."

அவன் போனை வைத்துவிட்டான். பதற்றத்தில் இருக்கிறான் என்று நினைத்தேன். வெளியே அவள் தட்டியதும், "அத்தை, கதவத் தெறங்க" என்று கத்தியதும் அந்தப் போனில் அவனுக்குக் கேட்டிருக்கிறது என்று, இன்று காலை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். வாசனையைத் தேர்ந்தெடுத்தது நான். பூசிவிட்டதும் கொடியைக் காட்டியதும் நான். கதவைப் பூட்டியதும் நான்தான். அவள் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஷான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன்தானே என்னை இங்கே கூட்டி வந்தான். வண்டியில் வரும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோபம் இருக்கும், போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டான். கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள் தம்பி. நான் கையெழுத்துப் போட்டதும் அம்மாவும் பிள்ளையுமாக வீட்டுக்குப் போய்விடுவோம். வலேரிதான் இல்லையே, இனி அவனை யார் எங்கே கூட்டிக்கொண்டு போய்விடப் போகிறார்கள்?