யானை விழுந்த இடம்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்கு வந்த ரயிலில், எனக்கு எதிரே ஒரு மிராசுதார் பக்கத்திலிருந்த விவசாயியிடம் குனிந்து சொன்னார்:

“கோர்ட்டுல, யானை குண்டுபட்டு உங்க வாழைத்தோட்டத்துல விழுந்துதுன்னு சொல்லிப்போடுங்க. பயிரைக் காப்பாத்தச் சுட்டாக் குத்தமில்லீங்க.”

“அது ஓடையில தண்ணி குடிச்சுட்டு நின்னுதுங்க. நீங்க சுட்டதை நான் பாத்தனுங்க.”

துடியலூரில் வண்டி நின்று கிளம்பியது. மிராசுதார் மறுபடி குனிந்தார்.

“நீங்க ஊருக்குத் திரும்பி வரோணுமில்லீங்க?”

“வருவனுங்க.”

“போன வருசம் உங்க வாழையை அழிச்சதே அதுதானுங்களே! அதுக்கா பரிஞ்சு பேசறீங்க?”

விவசாயி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அன்னைக்கு அது காட்டுக்குத் திரும்பிப் போன பொறகு, பழிவாங்க நானும் துப்பாக்கி கேட்டு அலைஞ்சனுங்க. ஜெயிலுக்குப் பயந்துதான் விட்டுப்போட்டேன். சட்டம் இன்னும் கெட்டியாகோணுமுங்க. அந்தப் பயம் உங்களுக்கும் வரோணுமுங்க.”